அனாமத்து வரிசை

இறங்குங்க அண்ணா. முதலில் வண்டியை விட்டு இறங்குங்க, பேச்சு அப்புறம்.

சத்தம் போடாதீங்க. போட்டால் மொதலாளி வரமாட்டார். எதிரில் இருக்கிற ஜூஸ் கடைக்காரன்தான் வந்து வேடிக்கை பார்ப்பான். பாருங்க, இப்போதே பார்க்கிறான்.

இறங்க முடியாதா, ஏன்? ஓ... உங்கள் ஊன்றுகட்டையை நான்தான் எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டேனா? சாரி அண்ணா, இந்தாங்க. வேண்டுமென்று செய்யவில்லை. டிரெயின் வருகிற நேரத்தில் தரையில் எது கிடந்தாலும் எடுத்து ஓரமாக வைத்துவிடுவேன், கை தானாகச் செய்யும். ஹெல்மெட், குடை, ஒரு தடவை ஒரு குழந்தை. அந்தக் குழந்தையின் அம்மா போட்ட சத்தத்துக்கு முன்னால் உங்கள் சத்தம் ஒன்றுமே இல்லை.

சாவி என்னிடம்தான் இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். பேன்ட் பாக்கெட்டில் இருக்கிறது. ஆனால் தரமாட்டேன்.

மொதலாளி தரச்சொன்னாரா என்றால், சொன்னார். காலையில் போன் போட்டுச் சொன்னார். "டேய் பிரதாப்பு, மத்தியானம் பரந்தாமன்னு ஒருத்தர் வருவாரு. தாலுகா ஆபீஸ் எதிர்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்காரு, கால் கொஞ்சம் முடியாதவரு. பின்னாடி நிக்கிற சைடு வீல் வண்டியை எடுத்துக் குடுத்துடு" என்றார். நீங்கள் அவருக்கு அட்வான்ஸ் கொடுத்ததும் தெரியும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டோக்கன் இருக்கா?

சிரிக்காதீங்க. இருக்கா, இல்லையா?

இந்த ஸ்டேஷன் பார்க்கிங் ஸ்டாண்டில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். வண்டி விடும்போது சீட்டை இரண்டாகக் கிழிப்போம். பாதி வண்டியில், பாதி உங்கள் கையில். அந்தப் பாதியைக் கொண்டுவருகிறவருக்கு வண்டி. அவர் வண்டிக்காரரா, வண்டிக்காரரின் மச்சானா, திருடனா என்றெல்லாம் பார்க்க மாட்டோம். போன மாதம் ஒரு அக்காவின் ஸ்கூட்டியை எடுக்க அவங்க வீட்டுக்காரர் வந்தார். டோக்கன் இல்லை, போனில் கல்யாண போட்டோவைக் காட்டினார். போட்டோ நன்றாக இருக்கிறது சார், டோக்கன் எங்கே என்றேன். அடிக்க வந்தார். வண்டி போகவில்லை. மறுநாள் அந்த அக்கா வந்து, "நல்லவேளை தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனாங்க. ஏன் நல்லவேளை என்று நான் கேட்கவில்லை. நமக்கு எதற்கு?

மொதலாளிக்கே டோக்கன் கேட்பியா என்கிறீங்க. அவர்தான் இந்தச் சட்டத்தை எனக்குச் சொன்னார். வேறு யாரிடம் கேட்பது?

இதோ, இந்த ஸ்டூலில் உட்காருங்க. நான் நிற்கிறேன். நிற்பது எனக்கு ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. உங்களைக் குத்திக்காட்டவில்லை அண்ணா, எனக்குப் பேச்சு அப்படித்தான் வரும். பள்ளிக்கூடத்திலும் அதுதான் பிரச்சினை.

உங்கள் கஷ்டம் தெரியாமல் பேசவில்லை. தினமும் காலையில் எதிர்ப்பக்கம் நின்று ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டுவீங்க. கட்டையைப் பார்த்ததும் ஆட்டோக்காரன் ஆக்சிலேட்டரைத் திருகுவான், நீங்கள் ஏறி உட்காருவதற்குள் பின்னால் வருகிறவன் சவாரியைத் தூக்கிவிடுவான் என்று. அப்போது நீங்கள் பேசுகிற கெட்ட வார்த்தை இதுவரைக்கும் கேட்கும். நல்ல தெளிவான கெட்ட வார்த்தை. நீங்கள் கடை திறப்பதற்குள் பட்டா சிட்டா எடுக்க வந்தவர்கள் எல்லாம் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள் என்று மொதலாளியும் சொன்னார். அரசாங்க இலவச வண்டிக்கு எழுதிப்போட்டு வரிசையில் இருக்கீங்க என்றும் சொன்னார். உங்களுக்கு வண்டி வேண்டும். அது சரி. இந்த வண்டி வேண்டாம்.

இது இலியாஸ் பாய் வண்டி.

பாய் என்றதும் நல்ல மனுஷன் போல, பையன் பாசத்தில் பேசுகிறான் என்று நினைத்துக்கொள்ளாதீங்க. ஒரு மாதிரியான ஆள். ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை. காலை டிரெயினுக்குப் போய்ச் சாயங்கால டிரெயினில் வருவார். உங்களைப் போலவே இடது கால், ஆனால் அவருக்கு இரண்டு பக்கமும் கட்டை. வந்ததும் வண்டியில் ஏற மாட்டார். முதலில் தடவுவார். முன்பக்கம், பக்கவாட்டு, சைடு வீல் மட்கார்டு, எல்லாம் விரலால். கண்ணை மூடிக்கொண்டுகூடத் தடவுவார். தடவிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிற்பார்.

"இது காலையில இல்லையே தம்பி."

குனிந்து பார்த்தால் மயிர் கனத்துக்கு ஒரு கீறல் இருக்கும். டார்ச் அடித்தால்தான் தெரியும்.

"பாய், இது வண்டி. ஏற்றுமதிக்குப் போற தோல் இல்லை" என்பேன்.

"தோலா இருந்தா உன்னைய சும்மா விட்டிருப்பேன், கம்பெனிக்காரன் நஷ்டம். இது என் கால்டா."

தினமும் இதே சண்டை. மற்றவர்கள் வண்டியை இப்படியும் அப்படியும் தூக்கி நெருக்கி வைத்துவிடலாம். சைடு வீல் வண்டியைத் தூக்க முடியாது, வரிசைக்குள் நுழையாது, ஸ்டார்ட் செய்து ரிவர்ஸ் பார்த்து ஓரமாக நிறுத்த வேண்டும். அதனால்தான் அதன் சாவி மட்டும் எங்களிடம் இருக்கும். சாவி என்னிடம் இருப்பதால் கீறலும் என் தலையில். ஒரு நாளாவது அவர் முழு வண்டியையும் தடவி முடித்து, ஒன்றும் கிடைக்காமல், வாயை மூடிக்கொண்டு ஏறிப் போக வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. பார்த்துப் பார்த்து நிறுத்துவேன். எங்கிருந்தாவது ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவார்.

தை மாதம் ஒருநாள் காலையில் வந்தார். கூட அவர் வீட்டம்மா, புர்கா போட்டுக்கொண்டு, கையில் ஒரு தலையணை. பாயின் கையில் ஆஸ்பத்திரி ஃபைல். மெட்ராஸுக்கு. முகம் வீங்கின மாதிரி இருந்தது. சாப்பாடு கீப்பாடு அதிகமாகிவிட்டதா பாய் என்று கேட்டேன். வீட்டம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாங்க. அவர் மட்டும் சிரித்தார்.

வண்டியைப் பின்பக்கம் நிறுத்தச் சொன்னார். "நாலு நாள் ஆகும், வெயில் படாத இடமா வை." பின்பக்கம் மொதலாளி தொங்கவிட்டிருக்கிற அட்டையை நீங்களும் பார்த்திருப்பீங்க. 'அனாமத்து' என்று சிவப்பு பெயிண்டில் இருக்கும். விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வராத வண்டிகளின் வரிசை. மொதலாளி முன்னால் லாரி பார்சல் ஆபீஸில் இருந்தவர், அங்கே கேட்பாரில்லாத பார்சலை அந்தப் பெயரில்தான் எழுதுவார்களாம். பாய் அந்த அட்டையைப் பார்த்தார். இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

"எங்க வார்த்தையைக் கொண்டாந்து இங்கியா தொங்கவிட்டிருக்கீங்க?"

"உங்க வார்த்தையா? எங்க அக்கவுன்டன்சி புக்லயே இருக்கு பாய்."

"எந்த புக்ல வேணா இருக்கட்டும். அமானத்துடா அது. ஒருத்தர் நம்பி ஒப்படைச்சிட்டுப் போறது. வந்து கேக்கிற வரைக்கும் வாங்கினவன் காப்பாத்தணும், அவன் ஓட்டக்கூடாது, விக்கக்கூடாது. அதைக் கொண்டாந்து பழைய இரும்புக்குப் பேரா வெச்சிருக்கானே உன் மொதலாளி."

"பாய், டிரெயின் அவுட்டர்ல நிக்குது. போங்க" என்றேன். எனக்கு வகுப்பெடுத்தால் பிடிக்காது. காசு கொடுத்துப் படித்த வகுப்பிலேயே நான் உட்காரவில்லை.

சாவியைக் கொடுத்தார். அன்றைக்குத் தடவிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அவர் தடவாமல் போனால், வந்து எதை வேண்டுமானாலும் என் தலையில் கட்டலாமே? பாதி சீட்டு அவரிடம் இருக்கிறது. இன்னொரு பாதி, இதோ, ஹேண்டில்பாரில் கட்டியிருக்கிறது பாருங்க, நைந்துவிட்டது, அதனால் மேலே செல்லோ டேப் ஒட்டியிருக்கிறேன்.

இப்போது ஆவணி. அவர் வரவில்லை.

இருங்க, சொல்லி முடித்துவிடுகிறேன். அந்த வார்த்தை என்னைத் துரத்துகிறது அண்ணா. நான் பதினொன்றாம் வகுப்பை விட்டதே அதனால்தான். மார்க் குறைவு என்று வீட்டில் சொல்வார்கள். மார்க்கும் குறைவுதான். ஆனால் அது காரணம் இல்லை.

காமர்ஸ் குரூப். புருஷோத்தமன் சார் போர்டில் இருப்பாய்வு போட்டார். பற்று எல்லாம் ஒரு பக்கம், வரவு எல்லாம் ஒரு பக்கம். கூட்டினால் இரண்டும் ஒன்றாக வரணும். வரவில்லை. சார் திரும்பவும் கூட்டினார், வரவில்லை. உடனே அலட்டிக்கொள்ளாமல், குறைகிற பக்கத்தில் 'அனாமத்துக் கணக்கு' என்று ஒரு வரி எழுதி, வித்தியாசம் எவ்வளவோ அதைப் போட்டார். இரண்டு பக்கமும் சமம் ஆகிவிட்டது. கீழே இரண்டு கோடு வேறு இழுத்தார்.

நான் எழுந்து, "சார், இப்ப தப்பு எங்க போச்சு?" என்றேன்.

"தப்பு இருக்கு. எங்கன்னு தெரியலை. தெரியற வரைக்கும் அனாமத்துல நிக்கும். அப்புறம் கண்டுபிடிச்சு நேர் பண்ணுவோம்."

"கண்டுபிடிக்கலைன்னா?"

"கண்டுபிடிக்கணும்."

"தெரியாதுன்னா தெரியாதுன்னு எழுத வேண்டியதுதானே சார்? ரெண்டு பக்கமும் சரியா இருக்கிற மாதிரி ஏன் காட்டறீங்க? இது பொய்தானே?"

வகுப்பு சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "வெளிய போய் நில்லுடா, அரிச்சந்திரா" என்றார். நின்றேன். பெல் அடித்தது. நான் உள்ளே போகவில்லை, வீட்டுக்குப் போனேன். அவ்வளவுதான் என் படிப்பு. எனக்கு மூடி மழுப்புவது ஆகாது. ஒன்று இந்தப் பக்கம், இல்லை அந்தப் பக்கம். நடுவில் ஒரு பெயரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் வழக்கம் இல்லை.

என்ன சிரிப்பு?

சரி, விடுங்க. பாய் வராமல் ஒரு மாதம் ஆனதும் மொதலாளி வழக்கமான வேலையை ஆரம்பித்தார். அனாமத்து வரிசையில் வண்டி நின்றால் முதலில் பேட்டரி போகும். அப்புறம் கண்ணாடி. அப்புறம் டயர். மொதலாளி ஏகாம்பரம் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இடத்துக்கு வாடகை கட்டுகிறார், மழையில் துருப்பிடித்து மண்ணாகப் போவதை யாராவது பயன்படுத்தட்டுமே என்பார். போலீஸ் ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். "அனாமத்துன்னா ஆளில்லாததுடா. ஆளிருந்தா வந்திருக்க மாட்டானா?" என்பார்.

ஸ்பேனரோடு அவர் வந்தபோது நான் குறுக்கே நின்றேன். "மொதலாளி, இந்த வண்டியில பேட்டரியை எடுத்தா அவரு வந்து என்ன பண்ணுவாரு? செல்ஃப் ஸ்டார்ட் மட்டும்தான். கிக்கர் அடிக்கக் கால் வேணும்."

"வந்தாத்தானேடா?"

"வந்தா?"

அவர் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார். வெயில் வேறு. அன்றிலிருந்து பேட்டரி என் பொறுப்பு. சும்மா நின்றால் செத்துவிடும். தினமும் ஸ்டார்ட் செய்ய வேண்டும், வாரத்துக்கு ஒருமுறை கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். ஸ்டேஷன் ரோட்டில் ஒரு சுற்று. சில நாள் மார்க்கெட் வரைக்கும். ஒரே ஒரு தடவை ஆம்பூர் போனேன், ஃப்ரெண்ட்டோடு. பிரியாணிக்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன். பேட்டரி நன்றாக ஏறும் நீள ரோட்டில்.

நீ ஓட்டலாம், நான் ஓட்டக்கூடாதா என்றால் என்ன சொல்வது? நான் ஓட்டுவது பராமரிப்பு. நீங்கள் ஓட்டினால் அது உபயோகம். வித்தியாசம் இருக்கிறது. ஓட்டக்கூடாது என்றுதானே பாய் சொன்னார் என்கிறீங்க. அவர் அப்படித்தான் சொன்னார். ஆனால் பேட்டரி விஷயம் அவருக்குத் தோன்றியிருக்காது. இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

இல்லை, 'இருந்திருந்தால்' என்று நான் சொன்னது, இங்கே இருந்திருந்தால் என்று. வார்த்தையைப் பிடித்துக்கொள்ளாதீங்க.

போன் செய்யாமலா இருப்பேன்? செய்தேன். முதல் இரண்டு மாதம் ஸ்விட்ச் ஆஃப். அப்புறம் ஒருநாள் ரிங் போனது. எடுத்தது ஒரு பொண்ணு. பாய் இருக்காரா என்றேன். "எந்த பாய்? இது புது சிம்மு, சேலத்துலேர்ந்து பேசறேன்" என்றது. நம்பர் மாற்றிவிட்டார் போல. மெட்ராஸ் போனால் மாற்றுவார்கள். பழைய நம்பர் தப்பித்தவறி அவரிடமே திரும்பி வரலாம் என்று வாராவாரம் போட்டுப் பார்த்தேன். அந்தப் பொண்ணு என்னை பிளாக் செய்துவிட்டது. இந்தக் காலத்தில் யாருக்கும் பொறுமை இல்லை.

வீட்டுக்கும் போனேன். சும்மா இல்லை நான். இங்கிருந்து பக்கம்தான், மசூதி தாண்டி இரண்டாவது சந்து. வீட்டில் வேறு ஆட்கள். வாடகை வீடு, காலி செய்துவிட்டார்களாம். மெட்ராஸிலேயே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு பார்த்திருப்பார், அலைச்சல் இல்லாமல் இருக்கும். பக்கத்து வீட்டு அம்மா வாசலில் வந்து, "நீ ஸ்டாண்டுல இருக்கிற புள்ளையா? இலியாஸ் உன்னையப் பத்தி சொல்லுவாரே" என்றாங்க. என்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பார், கீறல் போடுகிறவன் என்று சொல்லியிருப்பார். "உள்ள வா பேட்டா, உக்காரு, தண்ணி குடி" என்றாங்க. துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாங்க. அடுப்பு வேலை போல, உள்ளே புகை. ஏதோ சொல்லத்தான் கூப்பிட்டாங்க. எனக்கு ஆறு மணி டிரெயின். வந்துவிட்டேன்.

ஏன் உட்கார்ந்து கேட்கவில்லையா? நேரம் எங்கே அண்ணா? ஆறு மணி டிரெயினுக்கு ஒரே நேரத்தில் அறுபது வண்டி எடுப்பார்கள். அந்தம்மா பேச ஆரம்பித்தால் நிறுத்துகிற ஆள் மாதிரியும் தெரியவில்லை.

அதற்கப்புறம்தான் ஹேமலதா மேடத்திடம் கேட்டேன். அதோ அந்த நீல ஸ்கூட்டி, பாங்க்கில் அசிஸ்டென்ட் மேனேஜர். அவங்களும் தினமும் காட்பாடி போய் வருகிற ஆள். "மேடம், உங்க பாங்க்ல அனாமத்து இருக்கா?" என்றேன்.

"சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டா? அது இல்லாத பாங்க் ஏது? ஏன்டா?"

சஸ்பென்ஸ் எல்லாம் படத்தில்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவங்க ஹெல்மெட்டைக் கழற்றாமலே விளக்கினாங்க. "யாரோ ஒருத்தர் அக்கவுன்ட் நம்பரைத் தப்பா எழுதிப் பணம் கட்டிடுவாங்க. பணம் வந்தது நிஜம். யாரோடதுன்னு தெரியலை. பாங்க்கோட வருமானம்னு எழுத முடியுமா? முடியாது. யாருக்காவது தூக்கிக் குடுக்க முடியுமா? அதுவும் முடியாது. தெரியற வரைக்கும் அதுல நிறுத்தி வைப்போம்."

"எவ்ளோ நாள் வேணா நிறுத்தலாமா?"

"அதெப்படி? வெச்சிட்டு மறந்துட்டா அப்புறம் எதுக்குடா அந்தக் கணக்கு? யாருதுன்னு விசாரிச்சிக்கிட்டே இருக்கணும். ஆடிட்டர் வந்தா நேரா அங்கதான் கையை வைப்பாரு. 'தெரியலை'ன்னு சொன்னா விட்டுடுவாரு. 'கேக்கலை'ன்னு சொன்னா விடமாட்டாரு."

பாய் சொன்ன அமானத்தையும் சொன்னேன். போனிலேயே அகராதியில் தேடினாங்க. ஆமாம், அதே வார்த்தைதானாம். அரபியிலிருந்து உருது, உருதுவிலிருந்து அந்தக் காலத்துச் சர்க்கார் கச்சேரிக் கணக்கு, அதிலிருந்து நம் வாய்க்கு. பாக்கி, வசூல், ரசீது எல்லாம் உருது வழியாக வந்தவைதானாம். நம்பி ஒப்படைத்தது என்றுதான் முதல் அர்த்தம். ஒப்படைத்தவர் வராமல் கிடந்து கிடந்து, கேட்பாரில்லாதது என்று ஆகிப்போயிருக்கும் என்றாங்க. அது அவங்க யூகம். எனக்கு அதைப் பற்றி அபிப்பிராயம் இல்லை.

எனக்கு என்ன எரிச்சல் என்றால், ஒரு வார்த்தைக்கு ஆளுக்கு ஓர் அர்த்தம். சார், கணக்கு உதைத்தால் போடுவது என்கிறார். மொதலாளி, ஆளில்லாதது என்கிறார். பாய், காப்பாற்ற வேண்டியது என்கிறார். மேடம், விசாரிக்க வேண்டியது என்கிறாங்க. நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. வண்டி நிற்கிறது, துடைக்கிறேன். கீறல் இல்லாமல் நிற்கிறது. தடவிப் பாருங்க, நிஜமாகத்தான் சொல்கிறேன். இந்த மட்கார்டு, இங்கே, இந்த வளைவு. ஒன்றுகூட இல்லை. ஆம்பூர் போனபோது ஒன்று விழுந்தது, அதையும் பாலிஷ் வாங்கித் தேய்த்து எடுத்துவிட்டேன். பாய் வந்து கண்ணை மூடிக்கொண்டு தடவட்டும், கிடைக்காது. அப்போது அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். அதற்காகத்தான். வேறு ஒன்றும் இல்லை.

போன் அடிக்கிறது. மொதலாளி. இருங்க.

...ஆமாங்க. வந்துட்டாரு. உக்காந்திருக்காரு. ...இல்லீங்க, குடுக்கலை. ...டோக்கன் இல்லீங்க. ...சரிங்க. ...சரிங்க. ...போறேங்க.

என்ன சொல்வார்? சாயங்காலம் அவர் வரும்போது வண்டி இங்கே இருந்தால் நான் இங்கே இருக்கக்கூடாதாம். கத்துவார், அப்புறம் சாதாரணமாகிவிடுவார். இல்லை, இந்தத் தடவை ஆகமாட்டார் என்றுதான் தோன்றுகிறது. குரல் தாழ்ந்து வந்தது. வீட்டில் இந்த வேலையையும் விட்டுவிட்டாயா என்று கேட்பார்கள். நான் விடவில்லை என்றால் நம்பமாட்டார்கள்.

என்ன பார்க்கிறீங்க? நேராகக் கேளுங்க. எனக்குச் சுற்றிவளைத்துப் பேசினால் பிடிக்காது.

...அப்படிக் கேட்காதீங்க.

இல்லை, கோபம் இல்லை. கேட்டது கேட்டதுதான். அவர் செத்துப் போயிருந்தால் என்ன செய்வாய் என்றால், அதை யாராவது வந்து சொல்லணும் இல்லையா? யாரும் சொல்லவில்லை. நான் எப்படி அதை எடுத்துக்கொள்வேன்? சொல்லாதவரைக்கும் அவர் வருகிற ஆளும் இல்லை, வராத ஆளும் இல்லை. அப்படியே இருக்கட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?

உங்களுக்கு நஷ்டம். சரி. அதை நான் மறந்துவிட்டேன்.

ம்? திரும்பச் சொல்லுங்க.

நீங்கள் இந்த ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்வீங்க. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தச் சந்துக்குப் போய், அந்தம்மா வீட்டில் உட்கார்ந்து, அவங்க கொடுக்கிற தண்ணியைக் குடித்துவிட்டு, சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு வரணும். பாய் இருக்கிறார் என்றால் நீங்கள் வண்டி பேச்சையே எடுக்க மாட்டீங்க, அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்கே போய்விடுவீங்க, மொதலாளியிடம் எனக்காகப் பேசவும் செய்வீங்க. இல்லை என்றால், அவர் வீட்டம்மா எங்கே என்று அந்தம்மாவிடம் விலாசம் வாங்கி, அவங்களுக்கே நேராகப் பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொள்வீங்க.

நியாயம்தான். நியாயம் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். இவ்வளவு நேரத்தில் நீங்கள்தான் ஒழுங்காகப் பேசியிருக்கீங்க. மேடமும் இதையேதான் சொன்னாங்க, போய்க் கேட்டுட்டு வாடான்னு. பத்து நிமிஷம்கூட ஆகாது.

ஆனால் இப்போது டிரெயின் வருகிற நேரம். நாற்பது நிமிஷம் லேட் என்று மைக்கில் சொன்னார்கள், கேட்டேன். அப்படித்தான் சொல்வார்கள், திடீரென்று வந்து நிற்கும். அப்புறம் இந்த வரிசையைப் பாருங்க, புல்லட்டைக் குறுக்கே விட்டிருக்கிறான், இதை நகர்த்தாமல் போனால் ஒரு வண்டி வெளியே வராது. உங்களால் நகர்த்த முடியாது. குத்திக்காட்டவில்லை. சைக்கிளிலும் காற்று கம்மி.

இந்தாங்க, சாவி. இல்லை, வண்டிக்கு இல்லை, இது கல்லா மேஜைச் சாவி. யாராவது சில்லறை கேட்டால் கொடுங்க. நான் போகிறேன். போய்விட்டு வருகிறேன்.

நீங்கள் சொல்லிவிட்டீங்க. மேடம் சொல்லிவிட்டாங்க. மொதலாளிகூட ஸ்பேனரைக் கீழே போட்ட அன்றைக்கு, "போய் அந்தாள் வீட்டுல கேட்டுட்டுத்தான் வாயேன்டா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

சைக்கிளை வெளியே எடுத்துவிட்டேன். அதன் ஸ்டாண்டையும் தட்டிவிட்டேன். அந்தம்மா இந்நேரம் வீட்டில்தான் இருப்பாங்க.

எழுந்திருக்காதீங்க அண்ணா, உட்காருங்க. இந்தப் புல்லட்டை மட்டும் நகர்த்திவிடுகிறேன்.